செவலையின் இடது முன்னங்கால்

திலகா இப்போதெல்லாம் கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன்னால், குதிரையின் நாலு காலிலும் கை வைத்துப் பார்க்கிறாள். முழங்காலில் உள்ளங்கையைப் பதித்து, குளம்பு வரைக்கும் மெதுவாக இறக்குகிறாள். வலது காலில் ஒரு தரம், இடது காலில் ஒரு தரம். அதற்கப்புறம்தான் படம். பண்ணைக்கு வருகிறவர்கள் இது ஏதோ படிப்பில் சொல்லிக்கொடுத்த முறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவள் மறுப்பதுமில்லை, ஏன் என்று சொல்வதுமில்லை. நான் சொல்லப்போகிறேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான்.

"எயுது. ஆனா உன்னையும் சேத்து எயுது" என்றாள். சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நான் கீதா. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் நானும் திலகாவும் ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தோம். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். அவள் திருப்புலிவனத்தில் ஏறுவாள், என் பக்கத்து சீட்டில் உட்காருவாள், வாலாஜாபாத் வருவதற்குள் என் தோளில் தூங்கிவிடுவாள். நாலு வருஷம் அவளுக்குத் தலையணையாக இருந்திருக்கிறேன். அதனால் அவளைத் திட்டும் உரிமை எனக்கு உண்டு.

எனக்கு பேக்கிங். அவளுக்கு டெஸ்டிங். போன் சார்ஜருக்குள் இருக்கும் சின்னப் பச்சை போர்டு ஒவ்வொன்றாக அவள் முன்னால் வரும். மேலே ஒரு தெர்மல் கேமரா. அது வெளிச்சத்தைப் படம் எடுப்பதில்லை, சூட்டைப் படம் எடுக்கும். சூடான இடம் சிவப்பாகவும் வெள்ளையாகவும், குளிர்ந்த இடம் நீலமாகவும் திரையில் தெரியும். எங்கேயாவது சிவப்பு தெரிந்தால் அந்த போர்டை எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். நீலமாக இருந்தால் தாராளமாக விட்டுவிடலாம். ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் போர்டு. அவளை மாதிரி வேகமாகப் பார்க்கிறவள் அந்த லைனில் யாருமில்லை. சிவப்பு கெட்டது, நீலம் நல்லது என்று அவள் கண்ணுக்குள்ளேயே எழுதி ஒட்டிவிட்டார்கள்.

ஒரு நாள் காண்டிராக்ட் முடிந்தது என்று எங்கள் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் தையல் மிஷினில் உட்கார்ந்தேன். திலகா குதிரைப் பண்ணைக்குப் போனாள்.

திருப்புலிவனத்தில் எங்கிருந்து குதிரை வந்தது என்று கேட்பீர்கள். ராஜஸ்ரீ மேடம் கொண்டுவந்தார். கோயில் கைங்கரியத்தில் இருந்த குடும்பம் அது. மேடம் சென்னையில் பேங்க் ஆபீஸராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஊருக்குத் திரும்பி, பந்தயத்தில் ஓடி முடித்த ஏழு குதிரைகளை வாங்கித் தன் மாந்தோப்பில் கட்டினார். சனி, ஞாயிறு பிள்ளைகள் வந்து ஏறப் பழகுவார்கள். குதிரை வாய்விட்டுச் சொல்லாத நோவையெல்லாம் முன்னாலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரு தெர்மல் கேமராவும் வாங்கிவிட்டார். அதை இயக்க ஆள் தேடினபோது ஊரில் அந்தக் கேமராவைத் தொட்டிருந்த ஒரே ஆள் திலகாதான். செங்கல்பட்டிலிருந்து மாதம் ஒரு தரம் வரும் கால்நடை டாக்டர் ஞானதாஸ் அவளுக்கு இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார். சூடு எவ்வளவு என்பது முக்கியமில்லை, வலது காலுக்கும் இடது காலுக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று பார் என்றாராம். அவள் தலையாட்டினாள். நாலு வருஷம் ஏறினது இரண்டு நாளில் இறங்குமா?

வேலை என்னவோ நேர்த்தியாகத்தான் செய்தாள். வெயில் ஏறுவதற்கு முன்னால், கொட்டகை நிழலில், குதிரை அரை மணி நேரம் சும்மா நின்றிருக்க வேண்டும். காலில் கட்டு இருக்கக்கூடாது, சேறு இருக்கக்கூடாது, எண்ணெய் கூடாது, முக்கியமாகத் தண்ணீர் கூடாது. தண்ணீர் பட்ட கால் குளிர்ந்து நீலமாகத் தெரியும். அந்தப் படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. படம் எடுத்ததும் டேப்லெட்டில் குதிரைக்கு ஒரு வரி எழுதுவாள். 'சரி' அல்லது 'கவனிக்க'. கவனிக்க என்று எழுதின படங்கள் மட்டும் டாக்டர் போனுக்குப் போகும். படம் கெட்டுப்போனால் காலைத் துடைத்து, அரை மணி கழித்து மறுபடி எடுக்க வேண்டும். முதல் வருஷத்திலேயே ஒரு குதிரையின் பின்னங்காலில் சிவப்பைப் பார்த்து, வீக்கம் வருவதற்கு ஆறு நாள் முன்னாலேயே சொல்லிவிட்டாள். மேடம் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாராம். என் கடைக்கு வந்து அதையே மூன்று தரம் சொன்னாள். எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகக்கூட இருந்தது.

பண்ணையில் அவளுக்கு ஒரே ஒரு தகராறு. முனியன்.

முனியன் பழையசீவரத்துக்காரர். அறுபதை நெருங்கினவர். சென்னையில் இருபது வருஷம் பந்தயக் குதிரைகளைக் குளிப்பாட்டி, தேய்த்து, கூடவே படுத்து எழுந்தவர். காலையில் எழுந்ததும் வாளியில் கிணற்றுத் தண்ணீர் மொண்டு எல்லாக் குதிரைக்கும் நாலு காலிலும் ஊற்றி உருவிவிடுவது அவர் கையில் ஊறின பழக்கம். படம் எடுக்கப்போனால் ஏழு குதிரையும் நீலக்காலோடு நிற்கும்.

"இன்னாண்ணா நீ, எத்தினி வாட்டி சொல்றது? கேமராவுக்கு முன்னாடி தண்ணி ஊத்தாதன்னு" என்று திலகா கத்துவாள்.

"உன் டப்பாக்காக குதிர மூஞ்சி கால் கயுவாம நிக்கணுமா?" என்பார் அவர்.

மூன்று மாதம் இழுபறி. கடைசியில் முனியன் விட்டுக்கொடுத்தார். படம் முடிந்த பிறகுதான் வாளியை எடுப்பார். எப்போதாவது ஒரு நாள் மறந்து ஊற்றிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொள்வார். திலகா அதற்கும் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வாள்.

போன தை மாதம் நடந்தது இது. செவலை என்று ஒரு பெண் குதிரை. பந்தயக் குதிரைக்குக் கொடுக்கும் பாஸ்போர்ட்டில் அதற்கு ஏதோ நீளமான இங்கிலீஷ் பெயர், முனியன் வைத்ததுதான் செவலை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதன் இடது முன்னங்கால் திரையில் நீலமாகத் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே ஆரம்பித்து குளம்பு வரைக்கும். மற்ற மூன்று காலும் வழக்கம்போல மஞ்சள். திலகா எரிச்சலோடு முனியனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தூரத்தில் வைக்கோல் பிரித்துக்கொண்டிருந்தார். 'காலில் தண்ணீர். படம் செல்லாது' என்று எழுதினாள். மறுபடி எடுக்க வேண்டியதுதான் முறை. எடுத்தால் மகளின் ஸ்கூல் வேன் போய்விடும். வீட்டுக்கு ஓடினாள்.

புதன்கிழமையும் அதே நீலம். அதே வரி.

வியாழக்கிழமை முனியனே அவளிடம் வந்தார். "திலகா, செவல இடது காலை முன்னாடி நீட்டி வச்சிக்கினே நிக்குது. கை வச்சா சில்லுனு கீது. கொஞ்சம் பாரு."

"தண்ணி ஊத்துனா சில்லுனுதான் இருக்கும்" என்றாள் திலகா.

"நான் ஊத்தலமே."

"நீ எப்பத்தான் ஊத்துனேன்னு சொல்லிக்கீற?" என்று சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அன்றும் அந்த வரி. வெள்ளிக்கிழமையும் அந்த வரி. நாலு நாள், நாலு வரி. அந்தக் காலில் ஒரு தரம்கூட அவள் கை வைக்கவில்லை.

சனிக்கிழமை காலை செவலை மேல் ஜெயப்பிரியா ஏறினாள். உத்திரமேரூர் தாமோதரன் மகள், ஆறாவது படிக்கிறாள். நல்ல தைரியசாலி. குதிரை மெல்ல ஓட ஆரம்பித்ததும் இடது முன்னங்கால் மடங்கியது. பிள்ளை கழுத்துக்கு மேலாகப் போய் விழுந்தாள். முழங்கை எலும்பு இரண்டு இடத்தில் விட்டுப்போயிற்று. காஞ்சிபுரத்தில் ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். கை முழுதாக நீளுமா என்பதைப் பிறகுதான் சொல்ல முடியும் என்றார்கள்.

அன்று மத்தியானம் மேடம் டேப்லெட்டை வாங்கி அந்த நாலு வரியையும் படித்தார். முனியனைக் கூப்பிட்டார்.

"நாலு நாளா தண்ணி ஊத்தியிருக்கேள். அதனாலதான் படத்துல ஒண்ணும் தெரியலை. எத்தனை தடவை சொன்னோம்?"

முனியன் டேப்லெட்டைப் பார்த்தார். திலகாவைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். கொட்டகையில் மடித்து வைத்திருந்த போர்வையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். திலகாவுக்கு அப்போது அவர்மேல் கோபம்தான். குழந்தை விழுந்துகிடந்ததைப் பார்த்தவள் அவள்.

திங்கட்கிழமை டாக்டர் ஞானதாஸ் வந்தார். குளம்பைத் தட்டிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். திலகாவைப் படம் எடுக்கச் சொன்னார். இடது கால் நீலம்.

"குளம்புக்குள்ள பழைய வலி. பத்து நாளா அந்தக் கால்ல எடை வைக்காம நின்னிருக்கு. அதனால ரத்த ஓட்டம் குறைஞ்சு போச்சு. சூடு மட்டும்தான் நோவுன்னு நெனைக்காதேம்மா. ஒரு கால் மட்டும் குளிர்ந்தாலும் நோவுதான்" என்றார்.

"தண்ணி ஊத்தாம இருந்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும்" என்றார் மேடம் வருத்தமாக. டாக்டர் தலையாட்டினார். பழைய படங்களை அவர் கேட்கவில்லை. கெட்டுப்போன படத்தை யார் கேட்பார்கள்?

திலகா கேட்டாள், தனக்குத்தானே. மதியம் சாப்பாட்டுத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த நாலு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தாள். காலில் தண்ணீர் ஊற்றினால் சிமெண்டுத் தரையும் நனையும். நனைந்த தரை படத்தில் திட்டுத் திட்டாகக் கறுப்பாகத் தெரியும். இந்தப் படங்களில் தரை முழுக்க ஒரே நிறம். நாலு நாளும் காய்ந்த தரை. அதைவிடக் கேவலமான ஒன்று இருந்தது. முனியன் ஊற்றினால் நாலு காலுக்கும் ஊற்றுவார். ஒரே ஒரு காலுக்கு மட்டும் யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? ஒரு குழந்தைகூடக் கேட்டிருக்கும். அவள் கேட்கவில்லை.

தட்டை அப்படியே வைத்துவிட்டு என் கடைக்கு வந்தாள். ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் சொல்லி, போனில் படங்களையும் காட்டினாள்.

"மேடம்கிட்ட போய்ச் சொல்லிடவா?"

இப்போது நான் என்னை எழுத வேண்டிய இடம் வந்துவிட்டது. நான் மிஷினை நிறுத்தவே இல்லை. "பேஜார் பண்ணாத. உனக்கு வேல போவும், அவருக்கு வேல திரும்பி வருமா? அந்தப் புள்ள கை நேரா ஆவுமா? வாய மூடிக்கினு இரு" என்றேன். அவளுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் சொன்னேன். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு போய்விட்டாள். நான் அந்த ஜாக்கெட்டை முடித்துக் கொக்கி வைத்தேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். சாப்பாடும் பாதியாயிற்று. டேப்லெட்டில் 'சரி' என்று எழுதக் கை வரவில்லை என்று எல்லாக் குதிரைக்கும் 'கவனிக்க' என்றே எழுதினாள். டாக்டர் போன் போட்டு, ஏம்மா தினம் ஏழு படம் அனுப்புகிறாய் என்று கேட்டாராம்.

நாலு வாரம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் கடை வாசலில் ஒருவர் துணிப்பையோடு நின்றார். பையின் காது அறுந்திருந்தது. உள்ளே கொய்யாப்பழம். அவரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஆனால் பேச ஆரம்பித்ததும் புரிந்துவிட்டது.

"பஸ்ல அறுந்துபோச்சிம்மா. ரெண்டு தையல் போட்டுக் குடு. தாமோதரன் வூட்டுக்குப் போவணும். அவங்க புள்ள கீய வுயுந்து கை ஒடிச்சிக்கிச்சி. என்னாலதான்."

"உங்களாலயா?" என்றேன்.

"குதிர கால்ல நான் தண்ணி ஊத்தி, நோவு தெரியாம பண்ணிட்டேன். ஊத்துனது எனக்கு நெனப்பே இல்ல. ஊத்தலன்னுதான் அன்னிக்கிச் சொன்னேன். ஆனா நாலு நாளும் எயுதி வச்சிக்கீது அந்தப் பொண்ணு. அது தப்பா எயுதாது. வயசாய்டுச்சி, கை பாட்டுக்கு ஊத்திக்கீது." பையை என் மேசைமேல் வைத்தார். "ஞாயித்துக்கெழமன்னா வந்து வாசப்படில நிப்பேன். அவங்க அப்பா உள்ள வுடமாட்டாரு. அதுவும் நியாயந்தான். புள்ளதான் வந்து பழத்த எடுத்துக்கினு பைய திருப்பிக் குடுக்கும்."

நான் பையின் காதைத் தைத்தேன். ஒரு வரிசை போதும், நான் நாலு வரிசை ஓட்டினேன். தலை நிமிரவில்லை. காசு வேண்டாம் என்றேன். "நல்லா இரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆசீர்வாதம் இன்னும் என்னைச் சுடுகிறது. வேலை போனால் என்ன, ஒரு மனுஷனுக்குத் தன் ஞாபகத்தின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. அதைப் பிடுங்கினது நாங்கள் இரண்டு பேர்.

கடையை அப்போதே பூட்டிவிட்டுத் திருப்புலிவனம் போய்த் திலகாவிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நாளைக்கிப் போலாம்" என்றாள்.

மறுநாள் பழையசீவரத்தில் இறங்கி விசாரித்துப் போனோம். மலைக்குக் கீழே ஒருவருடைய மாட்டுக்கொட்டகையில் முனியன் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். கல்யாண ஊர்வலக் குதிரைக்காரர் ஒருவர் அவரை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார். இனிமேல் குதிரையைத் தொடமாட்டேன், என் கையை நம்ப முடியாது என்று சொல்லிவிட்டாராம். கொட்டகைக்காரர் இதைப் பெருமையாகச் சொன்னார், எவ்வளவு நாணயமான ஆள் பாருங்கள் என்று.

திலகா சுற்றி வளைக்கவில்லை. போனை நீட்டினாள்.

"இத்தப் பாருண்ணா. இது தரை. தண்ணி பட்டிருந்தா திட்டுத் திட்டா கறுப்பாத் தெரியும். காஞ்சி கீது. இது மத்த மூணு காலு. மஞ்சளா கீது. நீ ஊத்துனா நாலு காலுக்குந்தான ஊத்துவ?"

முனியன் போனை எட்டப் பிடித்துப் பார்த்தார். கையில் சாணி ஒட்டிவிடக் கூடாது என்று இரண்டு விரலால் பிடித்திருந்தார்.

"அப்ப நான் ஊத்தல" என்றார்.

"ஊத்தலண்ணா."

"நாலு நாளும்?"

"நாலு நாளும். நான்தான் பாக்காம எயுதிட்டேன். நீ வந்து சொன்னப்பவும் சிரிச்சிட்டேன்." அவள் அழுதாள். அவர் அவளை அழவிட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார், "உனக்கு எப்பத் தெரியும்?"

"டாக்டரு வந்தாரே, அந்தத் திங்கக்கெழமையே."

அவர் வாய்க்குள் வாரங்களை எண்ணினது உதட்டில் தெரிந்தது. நான் தாங்காமல், "நான்தான் சொல்லாதன்னு சொன்னேன்" என்றேன்.

அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார். "நேத்து நீ பை தெச்சிக் குடுத்தியே. அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தொட்டியில் கை கழுவினார், துண்டில் துடைத்தார், உள்ளே போய் ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்து வந்து திலகாவிடம் கொடுத்தார். என் நாலு வரிசைத் தையல் போட்ட பை.

"நான் அஞ்சி வாரம் போய் நின்னுட்டேன். வர்ற ஞாயித்துக்கெழம நீ போ" என்றார்.

அன்று மத்தியானமே திலகா மேடத்திடமும் சொன்னாள். மேடம் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அந்த நாலு வரியை நானும் அன்னன்னிக்குப் படிச்சிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. தண்டனை இல்லாமல் போயிற்றே என்று திலகா ஏங்கினாள், உண்மையாகத்தான். முனியனைக் கூப்பிட மேடமே பழையசீவரத்துக்குக் கார் எடுத்துக்கொண்டு போனார். வியாழக்கிழமை முனியன் வந்தார். முதலில் செவலையிடம்தான் போனார். அதற்கு இப்போது தனி லாடம், சவாரி கிடையாது. திலகாவோடு அவர் வேலைப் பேச்சு பேசுகிறார். சிரிப்பு இன்னும் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் தாமோதரன் வீட்டு வாசலில் நின்றோம். திலகா கூப்பிடுவதற்கு முன்னாலேயே கதவு திறந்தது. ஜெயப்பிரியா. வலது கை பாதி மடங்கினபடியே இருந்தது. பையை அடையாளம் கண்டுகொண்டு தெருவை எட்டிப் பார்த்தாள்.

"முனியன் தாத்தா வரலையா?"

"வரலம்மா."

குழந்தைக்கு முகம் வாடிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்பாக்குத் தெரியாம அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். தண்ணி ஊத்துனதுக்கு எனக்குக் கோவமே இல்ல. நான் அவர மன்னிச்சிட்டேன்னு நீங்க சொல்லிடறீங்களா?" என்றாள்.

திலகா படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வளைந்த முழங்கையைத் தொடப்போய், கையை இழுத்துக்கொண்டாள்.

"அவரு ஊத்தல பாப்பா" என்றாள். "அப்பாவக் கூப்புடு."